வேகமாகக் கலக்கினால் துகள் சிறிதாகுமா? ஒரு வரைபடத்தின் மேல் சில ஆட்சேபங்கள்

எமல்ஷன் பாலிமரைசேஷன் பற்றிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளிலும் ஆய்வேடுகளிலும் ஒரு வரைபடம் திரும்பத் திரும்ப வரும். கீழ் அச்சில் ஸ்டிரரின் வேகம், ஆர்.பி.எம். கணக்கில். பக்க அச்சில் துகளின் விட்டம், நானோமீட்டரில். நாலு புள்ளி, மிஞ்சிப்போனால் அஞ்சு. அவற்றின் ஊடே இடமிருந்து வலமாக இறங்கும் ஒரு வளைகோடு. அதற்கு அடியில் ஒரு வரி: கலக்கும் வேகம் கூடக்கூட வெட்டுவிசை கூடுகிறது, ஆகவே துகள் சிறிதாகிறது.

சில ரிப்போர்ட்டுகளில் கோடு ஏறும். அப்போது அடிவரி மாறிவிடும்: வேகம் கூடினால் மோதல் கூடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொண்டு பெரிதாகின்றன. ரெண்டு விளக்கமும் கைவசம் இருப்பதால் கோடு எந்தப் பக்கம் போனாலும் எழுதுகிறவர் மாட்டுவதில்லை. என் முதல் ஆட்சேபமே இதுதான். எந்த முடிவு வந்தாலும் பொருந்திப் போகிற ஒரு விளக்கம், வந்த முடிவை விளக்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

ஊரைக் குறை சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் ஆய்வேட்டிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. இறங்குகிற கோடுதான். அதை நானே நம்பினேன். நம்பினதால் என்ன ஆச்சு என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

துளி வேறு, துகள் வேறு

தவறு எங்கே தொடங்குகிறது? பெயரில். எமல்ஷன் என்று கேட்டதும் நம் மனசில் வருவது எண்ணெயும் தண்ணீரும். நன்றாக அடித்துக் கலக்கினால் எண்ணெய்த் துளி சின்னதாகும். அந்தத் துளியே அப்படியே கெட்டியாகி பாலிமர் துகள் ஆகிறது என்று நினைத்துக்கொண்டால், வேகமாகக் கலக்கினால் துகள் சிறிதாகும் என்பது தானாக வந்துவிடும். இந்தப் படம் சஸ்பென்ஷன் பாலிமரைசேஷனுக்குச் சரி. அங்கே இனிஷியேட்டர் மோனோமருக்குள்ளேயே கரைந்திருக்கிறது, ஒவ்வொரு துளியும் தனக்குள்ளேயே பாலிமராகிறது, ஸ்டிரர்தான் துளியின் அளவைத் தீர்மானிக்கிறது.

எமல்ஷன் முறையில் கதை வேறு. பாத்திரத்தில் தண்ணீர், சோப்பு, ஸ்டைரீன், தண்ணீரில் கரைகிற பெர்சல்ஃபேட். ஸ்டைரீன் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 0.3 கிராம்தான் கரையும், மிச்சம் துளிகளாக நிற்கும். துளியின் விட்டம் சில மைக்ரான். சோப்பு ஒரு அளவைத் தாண்டியதும் மைசெல் என்ற சிறு திரள்களாகச் சேரும். அதன் விட்டம் 5 முதல் 10 நானோமீட்டர். பெர்சல்ஃபேட் உடைந்து உருவாகும் ராடிக்கல் பிறப்பது தண்ணீரில். அது எங்கே போய்ச் சேரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் எஸ்.டி.எஸ். சோப்பு, 400 மில்லி ஸ்டைரீன். துளியின் விட்டம் 5 மைக்ரான் என்றால் மொத்தத் துளிகள் சுமார் 6 × 10¹². மைசெல்கள், ஒன்றுக்கு 60 சோப்பு மூலக்கூறு என்று வைத்தால், சுமார் 9 × 10¹⁹. ஒரு துளிக்கு ஒரு கோடிக்கும் மேல் மைசெல். ராடிக்கல் நுழைவது மைசெலில்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எல்லாம் முடிந்தபின் துகளின் விட்டம் 100 நானோமீட்டர் என்று வந்தால், துகள்களின் எண்ணிக்கை 6.6 × 10¹⁷. அதாவது ஆரம்பத்தில் இருந்த மைசெல்களில் நூற்றுச் சொச்சத்தில் ஒன்றுதான் துகளாகிறது. மற்றவை கலைந்து, வளர்கிற துகள்களுக்குச் சோப்பைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. துளியோ வெறும் குடோன். அதிலிருந்து மோனோமர் தண்ணீர் வழியாக ஊடுருவி துகளுக்குப் போகிறது. குடோனை நாலாக உடைத்தால் ஊரில் கடை நாலு மடங்காகிவிடாது.

இந்தப் படத்தை 1947-இல் ஹார்கின்ஸ் எழுதினார். அடுத்த வருடம் ஸ்மித்தும் யூவார்ட்டும் அதைக் கணக்காக்கினார்கள்: துகள்களின் எண்ணிக்கை சோப்பின் அளவின் 0.6 அடுக்குக்கும், இனிஷியேட்டரின் அளவின் 0.4 அடுக்குக்கும் ஏற்றபடி போகும். அந்தச் சூத்திரத்தில் ஆர்.பி.எம். என்ற ஒன்றே கிடையாது.

வெட்டுவிசையே துகளை நறுக்குகிறது என்று வாதாடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. கொல்மொகோரோவ் 1941-இல் சொன்னபடி, கொந்தளிக்கும் திரவத்தில் மிகச் சிறிய சுழலின் அளவு, ஒரு கிலோ திரவத்துக்குள் நாம் செலுத்தும் சக்தியைப் பொறுத்தது. கிலோவுக்கு 1 வாட் கொடுத்தால் தண்ணீரில் அது சுமார் 30 மைக்ரான். ஸ்டிரரின் இதழுக்குப் பக்கத்தில் சக்தி பல மடங்கு அதிகம், சோப்பும் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, அதனால் துளி சில மைக்ரான் வரை இறங்கும். ஆனால் சுழலே 100 நானோமீட்டருக்கு வரவேண்டுமென்றால் கிலோவுக்கு 10¹⁰ வாட் வேண்டும். ஒரு கிலோ தண்ணீரைக் கலக்க 1000 மெகாவாட் அணு உலை பத்து. லேபில் இருக்கும் ஓவர்ஹெட் ஸ்டிரர் அந்த வேலையைச் செய்யவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்படியானால் கலக்குவதால் ஒன்றுமே ஆகாதா?

ஆகும். நிறையவே ஆகும். ஆனால் நேராக இல்லை, சுற்றுவழியில். அந்த வழிகள் எவை, எந்தத் திசையில் இழுக்கின்றன என்பதைப் பிரித்துச் சொல்லாமல் ஒரே கோடாகப் போட்டுவிடுவதுதான் இந்த வரைபடத்தின் குற்றம்.

முதல் வழி சோப்புத் திருட்டு. துளியின் மேல்பரப்புக்கும் சோப்பு வேண்டும். துளி சிறிதானால் மொத்தப் பரப்பு கூடும். அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் சோப்பு மைசெலுக்குக் கிடைக்காது. மேலே சொன்ன கணக்கையே தொடர்வோம். 5 கிராம் எஸ்.டி.எஸ்.ஸில் பாதிக்குச் சற்றுக் குறைவானது தண்ணீரில் கரைந்தே நிற்கும், மைசெல் ஆகாது. மைசெலில் இருக்கும் மிச்ச சோப்பு, மூலக்கூறுக்கு அரை சதுர நானோமீட்டர் என்று வைத்தால், சுமார் 2700 சதுர மீட்டர் பரப்பை மூடும். துளி 10 மைக்ரான் என்றால் துளிகளின் பரப்பு 240 சதுர மீட்டர், சோப்பில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. 5 மைக்ரான் என்றால் 480. 1 மைக்ரானுக்கு உடைத்துவிட்டால் 2400. மைசெலுக்கு ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது!

விளைவு என்ன? வேகமாகக் கலக்கினால் துளி சிறிது, மைசெல் குறைவு, ஆகவே துகள்களின் எண்ணிக்கை குறைவு. அதே மோனோமர் குறைந்த துகள்களுக்குள் பங்கு பிரிவதால் ஒவ்வொரு துகளும் *பெரிது*. ரிப்போர்ட்டின் அடிவரி சொல்வதற்கு நேர் எதிர்த்திசை. இதில் மோதலும் ஒட்டலும் எதுவும் நடக்கவில்லை என்பதையும் கவனிங்க. 1972-லேயே ஜப்பானில் நொமுராவும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்டைரீனில் கலக்குவதன் பாதிப்பை ஆராய்ந்தபோது இந்தக் காரணத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

ரெண்டாவது வழி காற்று. ஸ்டிரர் வேகமாகச் சுற்றும்போது நடுவில் குழி விழும், மேலே இருக்கும் வாயுவை உள்ளே இழுக்கும். மேலே சுத்தமான நைட்ரஜன் இருந்தால் பரவாயில்லை. மூடி சரியாக இல்லை, நைட்ரஜன் பேருக்கு ஓடுகிறது என்றால் ஆக்சிஜன் உள்ளே வரும். ஆக்சிஜன் ராடிக்கலைத் தின்னும். வினை தாமதமாகத் தொடங்கும், இனிஷியேட்டர் வீணாகும், துகள் பிறக்கும் காலமே மாறிப்போகும். அந்த மாற்றத்தையும் நாம் வேகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். உண்மையில் அளந்தது நம்முடைய செப்டம் மூடியை.

மூன்றாவது, போதாத கலக்கல். ஸ்டைரீனின் அடர்த்தி சுமார் 0.91. ரொம்ப மெதுவாகச் சுற்றினால் அது மேலே ஆடையாக மிதக்கும். துகளுக்கு மோனோமர் போய்ச் சேருவது தாமதமாகும். சூடும் சரியாகப் பரவாது. ஸ்டைரீன் பாலிமராகும்போது மோலுக்கு 70 கிலோஜூல் அளவுக்கு வெப்பம் வரும் என்பதால் மேலே தேங்கிய மோனோமர் ஒரு ஆபத்தும்கூட. வரைபடத்தின் இடது ஓரத்துப் புள்ளி பல சமயம் இந்த நிலையில் எடுத்தது. அந்த ஒரு புள்ளியை நீக்கிப் பாருங்க, இறங்குகிற கோட்டில் பாதி படுத்துவிடும்.

நான்காவதுதான் மோதல். இதற்கு நம் வீட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது: தயிர் கடைவது. மத்தை வேகமாகச் சுற்றுவது கொழுப்பைப் பொடியாக்குவதற்கா? வெண்ணெய் *திரள்வதற்கு*. கலக்கினால் சிறிதாகும் என்ற ஊகத்தை அம்மாவும் பாட்டியும் தினமும் காலையில் தப்பென்று காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். லேடெக்ஸும் வேகமாகக் கலக்கினால் திரளக்கூடும், திரியக்கூடும். ஆனால் எவ்வளவு பெரிய துகள் என்பது முக்கியம். துகள்கள் தாமாகவே பிரௌனியன் அசைவில் மோதிக்கொள்வது ஒரு பக்கம். ஓட்டத்தின் வெட்டு அவற்றை மோதவிடுவது இன்னொரு பக்கம். ஸ்மொலுகோவ்ஸ்கி 1917-இல் போட்ட கணக்கின்படி ரெண்டாவது, துகள் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு 100 என்ற வெட்டு வீதத்தில், 100 நானோமீட்டர் துகளுக்கு ஸ்டிரரால் வரும் மோதல், தானாக நடக்கும் மோதலில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. 1 மைக்ரான் துகளுக்கு அதுவே சுமார் 12 மடங்கு. ஆக, 100 நானோமீட்டர் லேடெக்ஸில் கோடு ஏறினால் உடனே வெட்டு மோதல் என்று எழுதுவது அவசரம். ஏற்கெனவே ஒட்டிச் சேர்ந்த பெரிய கட்டிகள் இருந்தால், அவற்றை இன்னும் பெரிதாக்குவதில்தான் ஸ்டிரருக்குக் கை ஓங்கும்.

15 சதவீதம்

இப்போது எண்களைப் பார்ப்போம். சோப்புத் திருட்டில் மைசெலுக்கான சோப்பு சரிபாதியாகக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். பெரிய இழப்புதான். ஸ்மித்–யூவார்ட் கணக்கில் துகள்களின் எண்ணிக்கை 0.66 மடங்காகும், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். விட்டம்? எண்ணிக்கையின் கனமூலத்தில்தான் மாறும். 100 நானோமீட்டர், 115 ஆகும். அவ்வளவுதான்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் தெரியும். ஒன்று, விட்டத்தை வரைந்தால் நடந்தது மறைந்துபோகும். வரைய வேண்டியது லிட்டருக்கு எத்தனை துகள் என்பதை. ஒரே ஒரு கனமூலம், நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒன்றுபோல அமுக்கிவிடுகிறது. ரெண்டு, 15 சதவீத வித்தியாசம் என்பது ஒரே வேகத்தில் மூன்று தடவை செய்து பார்த்தாலும் வரக்கூடியதா, இல்லையா? அதைச் செய்து பார்க்காமல் நாலு வேகத்துக்கு நாலு புள்ளி வைத்து வளைகோடு இழுப்பதில் அர்த்தமில்லை. நான் பார்த்த இந்த வகை வரைபடங்களில் பிழைக்கோடு இருந்தவை குறைவு. இருந்தவையும் கருவி ஒரே சாம்பிளை மூன்று முறை அளந்த பிழை. வினையை மூன்று முறை செய்த பிழை அல்ல.

அளக்கும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டி.எல்.எஸ். கருவி ஒளிச்சிதறலை வைத்துச் சராசரி போடுகிறது. சிறு துகளில் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கு. 150 நானோமீட்டர் கட்டி ஒன்று, 50 நானோமீட்டர் துகள் 729-க்குச் சமமாகக் கூச்சல் போடும். கொஞ்சம் ஒட்டல் நடந்தாலே சராசரி எகிறும். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: அளக்கும் முன் லேடெக்ஸைத் துணியிலோ வலையிலோ வடிகட்டுகிறோம். வலையில் நின்ற திரிந்த கட்டி குப்பைக்குப் போகிறது. அதிக வேகத்தில் செய்த பேட்சில் பெரிய கட்டியெல்லாம் வலையோடு போய்விட, கீழே இறங்கியதை மட்டும் அளந்தால் துகள் சின்னதாகத்தானே தெரியும்? என் ஆய்வேட்டில் வலையில் நின்றதை எடை போட்ட குறிப்பு எங்கேயும் இல்லை. எடை போடவில்லை.

ஆர்.பி.எம். என்பது யாருடைய அளவு?

சொல்கிறேன் என்று சொன்ன கதை இதுதான். ஆய்வேடு முடிந்து சில வருடம் கழித்து, பெயிண்டுக்கான பைண்டர் தயாரிக்கும் ஒரு இடத்தில் இருந்தேன். துகள் கொஞ்சம் பெரிதாக வருகிறது, சிறிதாக்க என்ன வழி என்று கேட்டார்கள். என்னிடம்தான் இறங்குகிற கோடு இருக்கிறதே. வேகத்தைக் கூட்டச் சொன்னேன். மறுநாள் காலையில் லேடெக்ஸ் திரிந்து, தண்டிலும் பாத்திரத்தின் சுவரிலும் கல் மாதிரி பிடித்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஸ்டைரீன் நாற்றத்தோடு ரியாக்டருக்குள் இறங்கினவங்க ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரில் நான் இல்லை.

நான் அப்போது யோசிக்காத கணக்கு ரொம்பச் சின்னது. 5 சென்டிமீட்டர் ஸ்டிரர் 300 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் இதழின் முனை நொடிக்கு 0.8 மீட்டர் போகும். 1 மீட்டர் ஸ்டிரர் அதே 300-இல் சுற்றினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 16 மீட்டர். ஒரே வடிவம், ஒரே ஆர்.பி.எம். என்றால், கிலோவுக்குப் போகும் சக்தி விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: 400 மடங்கு. லேபில் இருந்த அதே சக்தியைப் பெரிய பாத்திரத்தில் கொடுக்க வேண்டுமென்றால் வேகம் 300 அல்ல, சுமார் 41. ஆக, பாத்திரத்தின் விட்டம், ஸ்டிரரின் விட்டம், இதழின் வகை, தடுப்புத் தகடு உண்டா இல்லையா, எதுவும் சொல்லாமல் 300 ஆர்.பி.எம். என்று மட்டும் அச்சிடுவது, அரிசி எவ்வளவு என்று சொல்லாமல் மூணு டம்ளர் தண்ணி ஊற்று என்பது மாதிரி. மேக்னெட்டிக் பீடில் செய்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். லேடெக்ஸ் கெட்டியானதும் பீடு துள்ளி நின்றிருக்கும், டயலில் மட்டும் 500 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

பழையவர்கள் ஏன் இதைப் பேசவில்லை

ஸ்மித்–யூவார்ட் சூத்திரத்தில் கலக்குவது வரவில்லையே, அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். காலத்தைப் பார்க்க வேண்டும். ரெண்டாம் உலகப் போரில் இயற்கை ரப்பர் கிடைக்காமல் அமெரிக்கா செயற்கை ரப்பரில் இறங்கியிருந்தது. அப்போது ஆலைகள் பொதுவாக வைத்துக்கொண்ட செய்முறை: பியூடாடையீன் 75, ஸ்டைரீன் 25, தண்ணீர் 180, சோப்பு 5, பெர்சல்ஃபேட் 0.3, மெர்காப்டன் 0.5 பங்கு, 50 டிகிரி. லேபில் இந்த மாதிரிச் செய்முறைகளை மூடி போட்ட பாட்டில்களில் நிரப்பி, வெந்நீர்த் தொட்டிக்குள் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிச் செய்வார்கள். 180-க்கு 5 என்றால் லிட்டர் தண்ணீருக்கு 28 கிராம் சோப்பு. அவ்வளவு சோப்பில் துளிகள் திருடுவது ஒரு சின்னப் பங்குதான். கலக்கலைக் கண்டுகொள்ளாத சூத்திரத்துக்கு அந்தச் சோப்பு வளம் ஒரு மறைமுக நிபந்தனை. இன்று பெயிண்டின் நீர்த்தாங்கும் தன்மைக்காகச் சோப்பைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். நிபந்தனை போய்விட்டது, சூத்திரத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறோம். ஆகவே இறங்குகிற கோட்டை மட்டும் திட்டினால் போதாது. கலக்குவதால் எதுவும் மாறாது என்று ஸ்மித்–யூவார்ட்டைக் காட்டி ஒதுக்குகிறவர்களும் அதே அளவுக்குத் தவறுகிறார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு உதாரணம். 10 மைக்ரான் அளவில் எல்லாம் ஒரே அளவான பாலிஸ்டைரீன் மணிகள் வேண்டுமென்றால் சிறு துகளை விதையாக வைத்து மோனோமர் ஊட்டி வளர்க்க வேண்டும். வளரும் துகள் ஆரம்பத்தில் மோனோமர் நிறைந்து லேசாக இருப்பதால் மிதக்கும். பாலிமரானதும் அடர்த்தி 1.05, ஆகவே மூழ்கும். ரெண்டையும் தடுக்க வேகமாகக் கலக்கினால், துகள் பெரிது என்பதால், மும்மடிக் கணக்கில் மோதித் திரளும். லீஹை பல்கலைக்கழகத்தின் வாண்டர்ஹாஃப் குழு இதற்குச் சொன்ன வழி, புவியீர்ப்பு இல்லாத இடத்துக்குப் போய் மெதுவாகக் கலக்குவது! மார்ச் 1982-இல் கொலம்பியா விண்ணோடத்தில் அந்த ரியாக்டர் பறந்தது. பிறகு ஒரு பயணத்தில் செய்த மணிகளை அமெரிக்காவின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் 1985-இல் அளவுத்தரப் பொருளாக விற்றது. நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் உகெல்ஸ்டாட் அதற்கு முன்பே இன்னொரு வழி பிடித்திருந்தார்: விதைத் துகளை வேதியியல் முறையில் பலமடங்கு மோனோமரை உறிஞ்ச வைத்து, தரையிலேயே செய்துவிட்டார். ஸ்டிரரைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட ரெண்டு குழுவும், கலக்கும் வேகத்தைத் துகளைச் சிறிதாக்கும் திருகாக நினைக்கவே இல்லை.

நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். துளியே துகளாகிற எமல்ஷன் முறையும் இருக்கிறது. 1973-இல் உகெல்ஸ்டாட், எல்-ஆசர், வாண்டர்ஹாஃப் மூவரும் சேர்ந்து எழுதியது அதைத்தான். இன்று மினி எமல்ஷன் என்கிறோம். அல்ட்ராசவுண்டோ உயர் அழுத்த ஹோமோஜினைசரோ வைத்து, ஒரு நூலிழை இடத்தில் சக்தியைக் குவித்து, துளியையே சில நூறு நானோமீட்டருக்கும் கீழே உடைப்பார்கள். ஹெக்சாடெக்கேன் மாதிரி தண்ணீரில் கரையாத ஒன்றைச் சேர்த்து அந்தத் துளி கரைந்து மறையாமல் காப்பார்கள். அங்கே கலக்கும் முறைதான் துகளின் அளவுக்கு எஜமான். அந்த ஆய்வுகளின் வாசகத்தை எடுத்துச் சாதாரண இதழ் ஸ்டிரர் வேலைக்கு ஒட்டிவிடுவதிலிருந்துதான் அந்த அடிவரி பிறக்கிறது என்பது என் ஊகம். என் ஆய்வேட்டில் அப்படித்தான் நடந்தது.

ஒரே ஒரு கூடுதல் சோதனை

இந்த வரைபடத்தை இனி வரையக் கூடாது என்று சொல்லவில்லை. அச்சை மாற்றுங்க: கீழே கிலோவுக்கு எத்தனை வாட், பக்கத்தில் லிட்டருக்கு எத்தனை துகள். வலையில் நின்றதை எடை போட்டு அட்டவணையில் சேருங்க. நடுவில் ஏதாவது ஒரு வேகத்தில் மூன்று தடவை முழு வினையையும் செய்யுங்க. சோப்பு எவ்வளவு, அதில் மைசெலுக்குப் போவது எவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்க.

அதோடு ஒரே ஒரு சோதனை கூடுதலாக. மைசெல்கள் தீர்ந்துபோகும் தருணத்தைக் கண்டுபிடிக்க முடியும், அப்போது பரப்பு இழுவிசை ஏறத் தொடங்கும். ஒரு பேட்சை அதுவரை மெதுவாகவும் அதற்குப் பிறகு வேகமாகவும் கலக்குங்க. அடுத்த பேட்சை அதுவரை வேகமாகவும் பிறகு மெதுவாகவும். துகள்களின் எண்ணிக்கை முதல் கட்ட வேகத்தோடு மாறினால் விஷயம் துகள் பிறக்கும் இடத்தில், சோப்பிலோ ஆக்சிஜனிலோ. ரெண்டாம் கட்ட வேகத்தோடு மாறினால் திரள்வதில். ரெண்டோடும் மாறவில்லை என்றால் நாலு புள்ளிக்கு நடுவே நாம் இழுத்த கோடு, நம் கை இழுத்த கோடு.

ரெண்டு பேட்ச், ரெண்டு நாள் வேலை. என் ஆய்வேட்டுக்கு அந்த ரெண்டு நாள் இருந்தது. அந்த ரியாக்டருக்குள் இறங்கினவங்களும் சுரண்டி முடிக்க ரெண்டு நாள்தான் எடுத்துக்கொண்டார்கள்.